கொட்டாவி சோம்பலின் அடையாளமா?

கேள்வி: பரீட்சைக்குப் புறப்படும்போதும் மேடை ஏறும் முன்பும் என் மகன் அடுத்தடுத்துக் கொட்டாவி விடுகிறான். இரவில் நன்றாகத்தான் தூங்குகிறான். ஆக்சிஜன் குறைந்தால் இப்படி வரும் என்கிறார்களே, கவலைப்பட வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: கவலை வேண்டாம், அம்மா. அந்த ஆக்சிஜன் விளக்கத்தை நானே பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது தவறு. ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்குத் தூய ஆக்சிஜனைக் கொடுத்துப் பார்த்தார்கள்; கொட்டாவி குறையவில்லை. கரியமில வாயு கூடுதலாகக் கலந்த காற்றைக் கொடுத்தார்கள். மூச்சு வேகமெடுத்ததே தவிர, கொட்டாவி கூடவில்லை. இன்னும் மூச்சுவிடத் தொடங்காத கருப்பைக் குழந்தையே கொட்டாவி விடுவதை ஸ்கேனில் காணலாம்.

பல்லை இறுகக் கடித்தபடி கொட்டாவி விட்டுப் பாருங்கள். மூக்கு வழியே காற்று தாராளமாக உள்ளே போகும். ஆனாலும் கொட்டாவி விட்ட நிறைவு வராது. தாடை நன்றாக விரிந்தால்தான் அது முழுமையடைகிறது.

உடல் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வேளையில்தான் கொட்டாவி அதிகம் வருகிறது. தூங்கப் போகும்போதும் விழிக்கும்போதும் மட்டுமல்ல, பதற்றமான ஒரு காரியத்துக்கு முன்பும் வரும். பாராசூட்டில் குதிக்கக் காத்திருக்கும் வீரர்கள்கூடக் கொட்டாவி விடுவதுண்டு. மூளையின் சூட்டைத் தணிக்கவே கொட்டாவி என்கிறார் ஆண்ட்ரூ கேலப் என்ற ஆய்வாளர். அதை எல்லோரும் ஏற்கவில்லை.

ஒரு பேச்சுப்போட்டியில் என் மாணவி ஒருத்தி திரைக்குப் பின்னால் தன் முறைக்காக நின்றிருந்தாள். கையில் சுருட்டி வைத்திருந்த காகிதம் வியர்வையில் ஊறிப்போயிருந்தது. வரிசையாக மூன்று கொட்டாவி விட்டாள். "தூங்கவா வந்தாய்?" என்று கடிந்துகொண்டேன். ஈரமான அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகும் அவளுடைய பயம் எனக்குப் புரியவில்லை. அவள் முகம் வாடியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

உங்கள் மகனுக்கும் அதே படபடப்பாகத்தான் இருக்கும். யாரும் அவனைச் சோம்பேறி என்று சொல்ல விடாதீர்கள். போதிய தூக்கத்துக்குப் பிறகும் பகல் முழுவதும் கொட்டாவியும் அசதியுமாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். சில மனச்சோர்வு மருந்துகளாலும், ஒற்றைத் தலைவலி தொடங்கும் முன்பும் கொட்டாவி மிகுவதுண்டு. மேடைக்கு முன் வரும் நாலைந்து கொட்டாவிகளுக்கு வைத்தியம் எதுவும் தேவையில்லை. பக்கத்தில் போய் நின்று அவன் தோளில் கை வையுங்கள்.