உண்ணியும் ஒட்டகமும்

கேள்வி: எங்கள் நாயின் காதிலிருந்து மண்ணெண்ணெய் தடவிப் பிடுங்கிய உண்ணி, மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாதாமே? ஒட்டகத்தை மெச்சுகிறவர்கள் உண்ணியை ஏன் மெச்சுவதில்லை? (வாசகர், ஏற்காடு)

பதில்: மெச்சலாம், தடையில்லை. ஆனால் எதற்காக மெச்சுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நாய் உண்ணி இரையின்றி ஓராண்டுக்கு மேலும் உயிர் வாழக்கூடும் என்பது மெய்தான்; அந்த ஓராண்டும் அது செய்யும் வேலை, சுவர் வெடிப்பில் காலை மடக்கிக் கிடப்பது ஒன்றே. ஒட்டகமோ வெயிலில் சுமையுடன் நடந்துகொண்டே தாகத்தைப் பொறுக்கிறது. 1950களில் சகாராவில் ஒட்டகங்களை ஆராய்ந்த குனுட் ஷ்மிட்-நீல்சன் கண்டறிந்தபடி, தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியலில் 34 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கி, பிற்பகலில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. வியர்த்து வீணாக்க வேண்டிய நீரை மிச்சம் பிடித்து, பகல் வெப்பத்தை உடம்பிலேயே தேக்கி, இரவுக் குளிரில் வெளியேற்றிவிடுகிறது. உடல் எடையில் கால் பங்கு குறையுமளவு நீரை இழந்தாலும் தாங்கும். (திமிலில் இருப்பது கொழுப்புதான்; அதைத் தண்ணீர் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.)

உண்ணியின் திறமை வேறு வகை. உடல் வறளும்போது உப்புச் செறிந்த உமிழ்நீரை வாயில் கசியவிட்டு, அது காற்றிலிருந்து ஈர்க்கும் ஈரத்தோடு சேர்த்து விழுங்குகிறது. ஆகவே சேலத்துச் சித்திரை வெயிலைவிட உங்கள் ஏற்காட்டு மூடுபனி அதற்கு வசதி. இரை கிடைத்துவிட்டாலோ சிக்கல் தலைகீழாகிறது: குடித்த இரத்தத்தில் மிகுந்த நீரை அதே வாய் வழியே நாயின் உடம்புக்குள் திருப்பிச் செலுத்துகிறது. நோய்க்கிருமிகள் ஏறுவது அந்த எச்சிலோடுதான். பாலைவனத்திலும் ஹயலோமா இனத்து உண்ணி ஒன்று ஒட்டகத்தின் இரத்தத்தைக் குடித்தே வாழ்கிறது. ஒட்டகம் பாடுபட்டுச் சேர்த்த நீரில் பங்கு கேட்கும் அந்தப் பிராணியைச் சுமப்பவனுக்குச் சமமாக வைக்க எமக்கு மனமில்லை.

மண்ணெண்ணெய் வேண்டாம், அது உண்ணியை உறுத்தி மேலும் எச்சில் கக்க வைக்கக்கூடும். நுனி கூரிய இடுக்கியால் நாயின் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். கால்நடை மருத்துவரைக் கேட்டு, நாய் படுக்கும் இடத்துச் சுவர் இடுக்குகளுக்கும் மருந்தடியுங்கள். நாயின் மேல் நீங்கள் பார்ப்பதைவிட அங்கே ஒளிந்திருப்பவை அதிகம்.