பெங்களூரில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற வீடு: பணம் எங்கிருந்து வரும்?

தம்பி, நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. வேலைக்காகத் திண்டுக்கல்லிலிருந்து வந்து இராமமூர்த்தி நகரில் வாடகைக்குக் குடியேறியிருக்கிறீர்கள். நான்கு மாதத்துக்கு முன் ஊரில் லாரி மோதியதில் உங்கள் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. அவரையும் உடன் அழைத்து வந்துவிட்டீர்கள். வாசலில் இரண்டு படி. குளியலறைக்குள் சக்கர நாற்காலி நுழையவில்லை. லண்டனில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகன், அங்கே வீட்டை மாற்றியமைக்க அரசே பணம் தரும் என்கிறார். இங்கே அப்படி ஏதாவது உண்டா என்பது உங்கள் கேள்வி.

அவர் சொல்வது உண்மைதான். இங்கிலாந்தில் அதற்கென்றே ஒரு மானியம் இருக்கிறது, 30,000 பவுண்டு வரை தருகிறார்கள். பெருமூளை வாதத்தோடு பிறந்த மகளை இந்த ஊரில் வளர்த்து ஆளாக்கியவள் நான். வாடகை வீட்டின் கதவை அகலப்படுத்தவும் வாசலில் சரிவு போடவும் தனியாகப் பணம் தரும் அரசுத் திட்டம் எதையும் இங்கே நான் கண்டதில்லை. சக்கர நாற்காலியை இலவசமாகத் தருகிற அரசு, அது நுழைய வேண்டிய கதவைப் பற்றி யோசிப்பதில்லை. எனக்கு இதில் இன்றும் ஆறாத கோபம் உண்டு.

அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். பணம் ஒரே இடத்தில் இல்லை, பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. உங்கள் தம்பிக்கு வரக்கூடியதில் மிகப் பெரியது விபத்து இழப்பீடு. அதற்குத்தான் கெடுவும் இருக்கிறது, ஆகவே அதை முதலில் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தத்தில் இழப்பீடு பற்றிய பகுதி 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்கிறது அது. நான்கு மாதம் மருத்துவமனையிலும் வீடு மாற்றுவதிலும் போய்விட்டது, இனித் தள்ளிப்போடாதீர்கள். விபத்து தமிழ்நாட்டில் நடந்ததால் அங்கேதான் அலைய வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவர் வசிக்கும் ஊரிலும் மனு போடலாம். பெங்களூரில் இந்த வழக்குகள் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கின்றன. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள். மாற்றுத்திறனாளி என்ற ஒரே காரணத்துக்காகவே 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் தம்பிக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு, வருமானம் எவ்வளவு என்பது அதற்குத் தடையில்லை.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து யாராவது வந்து, இரண்டரை லட்சம் ரூபாய் உடனே கிடைக்கும், கையெழுத்திடுங்கள் என்று சொன்னால் அவசரப்படாதீர்கள். யார் மீது தவறு என்று பார்க்காமல் கடுமையான காயத்துக்குத் தரும் தொகை அது. அந்த வழியில் பணத்தை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு செல்லாமல் போகும். வாழ்நாள் முழுதும் படுக்கையும் நாற்காலியுமாக இருக்கப்போகிறவருக்கு இரண்டரை லட்சம் எந்த மூலைக்கு?

மனுவில் மருத்துவச் செலவு, வருமான இழப்பு இரண்டையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும் வழக்கறிஞர்கள் உண்டு. வீட்டை மாற்றியமைக்கும் செலவைத் தனித் தலைப்பில் எழுதச் சொல்லுங்கள். ஒரு கட்டடப் பொறியாளரின் மதிப்பீடும், இது ஏன் தேவை என்று மறுவாழ்வு மருத்துவர் தரும் கடிதமும் இணைக்கப்பட வேண்டும். பார்த்துக்கொள்ளும் ஆளின் செலவையும் விடாதீர்கள். 2020-இல் காஜல் என்ற சிறுமியின் வழக்கில், உதவியாளர்களுக்காக மட்டுமே 21,60,000 ரூபாய் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

வழக்கு முடியக் காலம் பிடிக்கும். குளியலும் கழிப்பறையும் அதுவரை காத்திருக்காது. ஆகவே வீட்டுக்கு வருவோம்.

சரிவுப்பாதை 12 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் உயரக் கூடாது என்பது பொதுவிதி. இரண்டு படியும் சேர்ந்து ஓர் அடி உயரம் என்றால் 12 அடி நீளம் வேண்டும். கொத்தனார் ஐந்தடியில் முடித்துத் தருகிறேன் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தச் சரிவில் உங்கள் தம்பி தானாக ஏற முடியாது, இறங்கும்போது கவிழவும் கூடும். இடம் போதவில்லையென்றால் நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பிப் போடலாம். இந்த ஊரில் இன்னொரு சிக்கல், வீட்டு முன்புறத்தில் தரைக்கடியில் சம்ப் என்னும் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதன் மூடிமேல் சிமென்டு சரிவைக் கட்டிவிட்டால் தொட்டியைக் கழுவவே வழியிருக்காது. வீட்டுக்காரரோடு அன்றே தகராறுதான். சரிவை நடைபாதைக்கோ சாக்கடை மேலேயோ நீட்டினால் மாநகராட்சி ஒருநாள் இடித்துவிடும். வாடகை வீட்டுக்கு, தூக்கி எடுத்துவிடக்கூடிய இரும்புச் சரிவுதான் சரி. வீடு மாறும்போது அதுவும் உங்களோடு வரும்.

குளியலறைக்குச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. முதலில் கதவைக் கழற்றிவிட்டுத் தடித்த திரை போடுங்கள். கதவின் கனம் அடைக்கும் இடம் மிஞ்சும், பல வீடுகளில் அந்த இடைவெளியே போதுமானது. அதிலும் நுழையாவிட்டால், சக்கரம் வைத்த குறுகலான கமோடு நாற்காலி வாங்குங்கள். அதைக் கழிப்பறைக் கோப்பை மேலேயே தள்ளி நிறுத்தலாம், அதிலேயே உட்காரவைத்துக் குளிப்பாட்டவும் செய்யலாம். கைப்பிடிக் கம்பியை நல்ல சுவரில் ஆழத் துளையிட்டுப் பொருத்துங்கள். துண்டு மாட்டும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. வெந்நீர் விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். உணர்வில்லாத காலில் சுடுநீர் பட்டால் அவருக்குத் தெரியாது, தோல் வெந்த பிறகுதான் நீங்கள் பார்ப்பீர்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

துளையிடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காலி செய்யும்போது எதைப் பழையபடி ஆக்கித் தருவீர்கள், எதற்காக முன்பணத்தில் பிடிக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி முன்பணத்தில் பெரும்பகுதியை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

மற்ற பணவழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் சாவி யுடிஐடி அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை அது. தமிழ்நாட்டில் எடுத்திருந்தாலும் நாடு முழுதும் செல்லும். முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 80 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனம் என்றால் அட்டை நீல நிறத்தில் இருக்கும். உங்கள் சம்பளத்தின் மீதான வரியைக் குறைக்க அது உடனே பயன்படும். உங்களைச் சார்ந்து வாழும் உடன்பிறந்தவருக்காக, வருமான வரிச் சட்டம் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 80டிடி பிரிவு) வரிக்குரிய வருமானத்தில் 1,25,000 ரூபாய் கழிவு தருகிறது, ஊனம் 40 விழுக்காடு முதல் 80-க்குக் கீழ் வரை என்றால் 75,000. எவ்வளவு செலவழித்தீர்கள் என்று அதில் கணக்குப் பார்ப்பதில்லை. 30 விழுக்காடு வரியும் அதன்மேல் செஸ்ஸும் கட்டுகிறவருக்கு ஆண்டுக்கு 39,000 ரூபாய் மிச்சமாகும், ஒரு குளியலறையைச் சீராக்கப் பெரிய உதவி அது. ஆனால் பழைய வரிமுறையில் இருந்தால்தான் கிடைக்கும். அலுவலகக் கணக்காளரிடம் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலி போன்ற கருவிகளுக்கு மத்திய அரசின் அடிப் திட்டம் இருக்கிறது, அவற்றைச் செய்யும் அரசு நிறுவனமான அலிம்கோ முகாம் நடத்திக் கொடுக்கும். மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் இலவசம், 30,000 வரை பாதி விலை. அதே கருவியை மூன்று ஆண்டுக்குள் வேறு அரசுத் திட்டத்தில் வாங்கியிருந்தால் கிடைக்காது. ஊரில் யாராவது சாதாரண சக்கர நாற்காலி தருகிறேன் என்றால், அளவு சரியா என்று பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

மாநகராட்சி தன் நிதியில் ஒரு பங்கை மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்குகிறது. 2025 செப்டம்பரில் பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது, ஆகவே உங்கள் வார்டு எதில் என்று முதலில் பாருங்கள். நலப்பிரிவில் மனுக் கொடுக்க நாட கச்சேரி என்னும் வருவாய்த் துறை அலுவலகத்தில் வாங்கிய வருமானச் சான்றும் கர்நாடக முகவரியும் கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு இது தாமதமாகும். இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்காக 1959 முதல் இயங்கும், லிங்கராஜபுரத்தில் உள்ள ஏபிடி அமைப்புக்குக் கட்டாயம் போங்கள். தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கான பயிற்சி அங்கே உண்டு. உங்கள் பக்கத்திலிருந்து தூரமும் இல்லை. ஜெ.பி. நகரில் மொபிலிட்டி இந்தியா என்ற இதே போன்ற அமைப்பு இருக்கிறது. பணத்தைவிட அங்கே கிடைக்கும் நாற்காலிக்கான சரியான அளவும் ஆலோசனையும் பெரிது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு உங்கள் தம்பி தானாகவே மாறக் கற்றுக்கொண்டால் வீட்டில் மாற்ற வேண்டியவை பாதியாகக் குறையும்.

இந்த வாரமே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம், செலவு ரசீதுகள், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் தகவல் அறிக்கை தமிழில் இருக்கும். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை இப்போதே தயார் செய்துவிடுங்கள், இல்லையென்றால் அதற்கே ஒரு வாரம் போய்விடும்.