டிரைவர் போனைப் பூட்டியும் பில் ஏன் ஏறுகிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் மசாலாப் பொடி, முறுக்கு, மிக்சர் பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு அனுப்பும் சின்ன கம்பெனி நடத்துகிறேன். கம்பெனி பெயரில் 14 செல்போன் லைன்கள், அதில் 9 டிரைவர்களிடம். மாதம் ஆறாயிரம் ரேண்டைத் தாண்டாத பில், இரண்டு மாதமாகப் பதினோராயிரத்துக்கு மேல் வருகிறது. வெளிநாட்டு அழைப்பு போகாதபடி ஒவ்வொரு டிரைவர் போனிலும் நானே கோடு எண் அடித்துப் பூட்டினேன். பலன் இல்லை. கணக்கு பார்க்கும் அம்மா ஈரோட்டு மஞ்சள் மண்டியோடு பேச வேண்டும், அதனால் எல்லா லைனையும் மூடவும் முடியாது. இந்த லைன்களின் ஆன்லைன் கணக்குக்கான லாகின், லைன் விற்கும் ஏஜென்டிடம் இருக்கிறது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். மார்ச்சில் வேலையை விட்ட ஒரு டிரைவரின் லைன் இன்னும் ஓடுகிறது. கூடுதல் பணத்தை டிரைவர்கள் சம்பளத்தில் பிடிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிடிக்காதீர்கள். ஏன் என்று பிறகு வருகிறேன்.

நீங்கள் அடித்த கோடு *331*0000# மாதிரி ஒன்றாக இருக்கும். அது நல்ல பூட்டுதான். ஆனால் சாவியையும் டிரைவர் சட்டைப்பையிலேயே போட்டுவிட்டீர்கள். அந்த நாலு இலக்க ரகசிய எண் பெரும்பாலும் 0000 அல்லது 1234 என்றே வரும், யாரும் மாற்றுவதில்லை. #331*0000# என்று அடித்தால் திறந்துவிடும். எந்த டிரைவருக்கும் இதைச் சொல்லித்தர ஒரு தம்பி இருப்பான். *#331# அடித்துப் பாருங்கள், பூட்டு இன்னும் இருக்கிறதா இல்லையா என்று போனே சொல்லும். உங்கள் ஒன்பதில் எத்தனையில் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து எனக்கும் எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொரு பூட்டு சிம்மிலேயே இருக்கிறது: குறிப்பிட்ட எண்களுக்கு மட்டும் அழைக்க விடுவது. இரண்டாவது பின் எண் தெரிந்தால்தான் அதைத் திறக்க முடியும், அதனால் முதல் பூட்டைவிடக் கெட்டி. ஆனால் டெலிவரி டிரைவருக்கு அதைப் போட நான் யாருக்கும் சொல்வதில்லை. புதுக் கடை ஒன்று சேர்ந்தால்கூட பக்கியைத் திருப்பிக்கொண்டு ஆபீசுக்கு வரவேண்டியிருக்கும். (பக்கி என்றால் இங்கே சின்ன டிரக். தமிழ்நாட்டில் படிப்பவர்கள் டிரைவரைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.) அப்படியும் போட்டே தீருவேன் என்றால், 10111-ஐயும் (போலீஸ்) 10177-ஐயும் (ஆம்புலன்ஸ்) அந்தப் பட்டியலில் சேருங்கள். 112 என்ற அவசர எண் எப்படியும் போகும். வழிப்பறி நடக்கும் நேரத்தில் ஒருவனுக்கு எந்த எண் நினைவுக்கு வரும் என்று நமக்குத் தெரியாது.

உண்மையான பூட்டு நெட்வொர்க்கில்தான். ஆபரேட்டர் தன் பக்கத்தில் அந்த லைனுக்கு வெளிநாட்டு அழைப்பை நிறுத்திவிட்டால், டிரைவர் என்ன கோடு அடித்தாலும் திறக்காது. ஒவ்வொரு லைனுக்கும் அங்கே நாலு சுவிட்சுகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்: வெளிநாட்டு அழைப்பு, ரோமிங், காசு பிடுங்கும் சந்தாச் சேவைகள், மாதச் செலவு வரம்பு. பெயர்கள் ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் மாறும், விஷயம் ஒன்றுதான். உங்கள் ஒன்பது டிரைவர் லைனிலும் முதல் மூன்றை அணைத்து, நாலாவதில் ஒரு தொகை போடச் சொல்லுங்கள் (ஒரே ஒரு லைனுக்கு விலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்). கணக்கு பார்க்கும் அம்மா லைனில் முதல் சுவிட்சை மட்டும் திறந்து வையுங்கள். முடிந்தது. அவர் ஈரோட்டோடு வாட்ஸ்அப்பில் பேசினால் அதுவும் வேண்டாம், அது டேட்டா கணக்கில் போகிறது. ஆனால் மண்டிக்காரர்கள் லேண்ட்லைனை விடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும்.

சரி, பில்லுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய இரண்டு விவரப் பக்கங்களைப் பார்த்தேன். இந்தியா அழைப்பு ஒன்றுகூட டிரைவர் லைனில் இல்லை. அதாவது நீங்கள் பூட்டிய கதவு வழியாகப் பணம் போகவே இல்லை. ஒரு லைனில் 0861-ல் தொடங்கும் ஒரே எண்ணுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை 38 நிமிடம். யாரோ ஒரு கஸ்டமர் கேரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறார். பெரும்பாலான பேக்கேஜ்களில் 086 எண்கள் இலவச நிமிடத்தில் சேராது, தனிக் காசு. ஆனால் இது சில்லறை. பெரிய தொகை முழுக்க இன்னொரு லைனில், ரோமிங் டேட்டா என்ற தலைப்பில், வியாழக்கிழமைகளில் மட்டும் விழுந்திருக்கிறது. அந்த வண்டி ஹாரிஸ்மித், பெத்லஹேம் வழியாக ஃபிக்ஸ்பர்க் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

டிரைவர் நாட்டைத் தாண்டவில்லை, போன் தாண்டிவிட்டது.

ஃபிக்ஸ்பர்க்கில் கலிடான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் லெசோத்தோ. நம் டவரில் சிக்னல் குறைந்தாலோ, லோட்ஷெடிங் மின்வெட்டில் டவர் பேட்டரி தீர்ந்தாலோ, போன் அக்கரை டவரைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு பாஸ்போர்ட்டில் முத்திரை தேவையில்லை. டிரைவர் டெலிவரி ரசீதைப் படமெடுத்து ஆபீஸ் குரூப்பில் போடுகிறார், குரூப்பில் வந்த காலை வணக்க வீடியோக்களும் சேர்ந்து இறங்குகின்றன, எல்லாம் வெளிநாட்டு விலையில். இதில் ஆட்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வோடகாம் லெசோத்தோவிலும் இருக்கிறது. போனில் அந்தப் பெயரைப் பார்த்ததும் நம் நெட்வொர்க்தானே என்று விட்டுவிடுகிறார்கள். பெயர் ஒன்று, நாடு வேறு, கணக்கு வேறு.

ரோமிங்கை அணைத்தால் தீர்ந்தது என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது: மாபுட்சோவேயில் இரண்டு கடைகள் ஆர்டர் கொடுக்கின்றன. மாபுட்சோவே அக்கரை. ஃபிக்ஸ்பர்க்கில் நின்றால் அந்த ஊர்க் கூரைகள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அங்கே அழைக்க 00266 அடிக்க வேண்டும், அது வெளிநாட்டு அழைப்பு. ஆக இந்த ஒரு டிரைவருக்கு வெளிநாட்டு அழைப்பை மூடினால் ஆர்டர் கைவிட்டுப் போகும், திறந்து வைத்தால் உலகம் முழுக்கத் திறந்திருக்கும். லெசோத்தோ மட்டும் போதும் என்று சொன்னால் ஆபரேட்டரின் கணினிக்குப் புரியாது. அதற்குத் தெரிந்தது திற, மூடு, இரண்டுதான்.

என் யோசனை இது. அந்த லைனில் ரோமிங்கை நெட்வொர்க்கிலேயே அணையுங்கள், வெளிநாட்டு அழைப்பைத் திறந்து வையுங்கள், செலவு வரம்பை மற்றவர்களைவிடச் சற்றுக் கூட்டிப் போடுங்கள். போனில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து, நம் நாட்டு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். இல்லையென்றால் அக்கரை டவரைப் பிடித்து அது மறுக்க, திரும்ப நம் டவரைத் தேட, டிரைவர் "போன் செத்துப்போச்சு" என்று அழைப்பார், அதுவும் அடுத்தவர் போனிலிருந்து. பாலம் தாண்டி உள்ளே போகிற நாளுக்கு, இரண்டு சிம் போடும் சாதாரண போன் ஒன்றில் லெசோத்தோ பிரீபெய்டு சிம் போட்டு வண்டியின் டாஷ்போர்டிலேயே விட்டுவிடுங்கள். "ஒரே ஒரு நாளைக்குத்தானே" என்று ரோமிங்கைத் திறப்பவர்கள் வெள்ளிக்கிழமை மூட மறப்பார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

செலவு வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஐகாசாவின் விதிகள்படி 2019 முதல் டேட்டா பண்டில் 50, 80, 100 சதவீதம் தீரும்போது ஆபரேட்டர் செய்தி அனுப்ப வேண்டும், பண்டிலைத் தாண்டிய விலைக்குச் சம்மதமும் கேட்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்தச் செய்தி யாருக்கு வருகிறது? காசு கட்டும் உங்களுக்கு இல்லை, சிம் இருக்கும் டிரைவர் போனுக்கு. வண்டி ஓட்டிக்கொண்டே "ஆம்" தட்டிவிட்டுப் போவார். அதனால் சம்மதத்தை ஆபீஸ் பக்கத்திலேயே மறுத்துவிடுங்கள். ரோமிங் கணக்கு அந்நிய நெட்வொர்க்கிலிருந்து தாமதமாக வரும், வரம்பு போட்டும் தாண்டலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இத்தனையும் செய்ய லாகின் வேண்டும். அது ஏஜென்டிடம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஏஜென்ட் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு வரும்படி புது லைனிலும் புது போனிலும்தான். லைனை மூடினால், சுவிட்சை அணைத்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. உங்கள் வேலை அவர் மேஜையில் அடியில் கிடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். சில வருடங்களுக்கு முன் டர்பனில் ஒரு தளவாடக் கடைக்காரர் என்னிடம் வந்தார். அவருக்கு 11 ஆட்கள், பில்லில் 17 லைன்கள். ஆறு சிம்களை ஏஜென்ட் "டேட்டா பேக்கப்" என்று சேர்த்திருந்தார், எல்லாம் 24 மாதக் கான்ட்ராக்ட். சிம்கள் உறையைக்கூடப் பிரிக்காமல் டிராயரில் கிடந்தன. கையெழுத்து அவருடையதுதான், பதினைந்து தாள்களை ஒன்றாக நீட்டி "இங்கே, இங்கே, இங்கே" என்றிருக்கிறார்கள். இருபது வேலைநாள் நோட்டீஸ் கொடுத்து முறித்துவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த 14-வது பிரிவு, கம்பெனிக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது. பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி என்ற பேச்சே அதில் இல்லை.

அதே ஏஜென்ட் அடுத்த மாதம் "அழைப்புச் செலவைப் பாதியாக்கும் பெட்டி" என்று ஆபீஸ் போன் சிஸ்டம் ஒன்றைக் கொண்டுவந்தால் கதவைச் சாத்துங்கள். வாடகை அறுபது மாதம், வருடா வருடம் ஏறும். பெட்டி கொடுப்பது ஒருவர், வாடகை வாங்குவது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. பெட்டிக்காரர் கடையை மூடிவிட்டுப் போனாலும் ஃபைனான்ஸ்காரர் மாதம் தவறாமல் வருவார். நீங்கள் இதைக் கேட்கவே இல்லை, தெரியும். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஏஜென்டை விலக்கும் வழி: கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், டைரக்டர் கையெழுத்து, கம்பெனிப் பதிவுத் தாள், போலீஸ் ஸ்டேஷனில் சான்று முத்திரை வாங்கிய அடையாள அட்டை நகல். முத்திரை மூன்று மாதத்துக்குள் வாங்கியதாக இருக்கட்டும். ஆபரேட்டரின் வணிகப் பிரிவுக்கு நேராக அனுப்புங்கள், ஏஜென்ட் வழியாக அல்ல. "முதன்மை நிர்வாகி நான், முந்தைய அங்கீகாரம் ரத்து" என்று எழுதுங்கள். உங்களுக்கும் கணக்கு பார்க்கும் அம்மாவுக்கும் தனித்தனி லாகின். அவருக்குப் பார்க்கும் உரிமை போதும். புது லைன் சேர்க்க நாலு நிமிடம் எடுக்கிற அதே கம்பெனி, ஒரு பெயரை நீக்க மூன்று ஈமெயில் கேட்கும், நாலாவதற்கு "சிஸ்டம் டவுன்" என்று பதில் வரும். விடாதீர்கள், ஒவ்வொரு முறையும் புகார் எண் வாங்குங்கள். 14 சிம்மும் ரீகா பதிவில் (சிம் யாருடையது என்று சட்டப்படி பதியும் பதிவு) உங்கள் கம்பெனி பெயரில்தான் இருக்கிறதா என்றும் அதே கையோடு கேளுங்கள். ஏஜென்ட் தன் ஆள் பெயரில் பதிந்திருந்தால், சிம் தொலைந்த அன்று உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

லாகின் கைக்கு வந்ததும் லைன்களுக்குப் பெயர் போடுங்கள். "டிரைவர் 3" என்று வேண்டாம், வண்டி வழித்தடத்தின் பெயர் போடுங்கள். ஆள் மாறினாலும் வழித்தடம் மாறாது. புது போனுக்கு அப்கிரேடு செய்த அன்று சுவிட்சுகளை மறுபடி பாருங்கள். மூடியவை தானாகத் திறந்திருந்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இனி சம்பளம். 1997 அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 34-வது பிரிவு, எழுத்தில் சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் கை வைக்க விடாது. நஷ்டத்துக்காகப் பிடிப்பது என்றால் தவறு அவருடையதாக இருக்க வேண்டும், அவர் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும், நஷ்டத்துக்கு மேல் போகக் கூடாது, மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. ஃபிக்ஸ்பர்க் டிரைவர் செய்த தவறு என்ன? நீங்கள் கேட்ட ரசீதைப் படமெடுத்து அனுப்பினார். தவறு திறந்திருந்த சுவிட்சில்.

கடைசியாக மார்ச்சில் போன டிரைவரின் லைன். போன் திரும்பி வந்துவிட்டதா? வந்திருந்தால் முதலில் அந்தச் சிம்மிலிருந்து *#21# அடியுங்கள். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பி விடப்பட்டிருந்தால் அந்தத் திருப்பலுக்குக் காசு உங்கள் பில்லில்தான். ##002# எல்லாத் திருப்பலையும் அழித்துவிடும். பிறகு, லைனை ரத்து செய்வதற்கு முன், அந்த எண் எங்கெல்லாம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் கார்டு, வண்டி டிராக்கர், முக்கியமாக வங்கி. சின்ன கம்பெனிகளில் அவசரத்துக்கு யாரோ ஒருவர் எண்ணை வங்கி ஓடிபிக்குக் கொடுத்துவிட்டு மறந்திருப்பார்கள். ரத்தான எண் சில மாதம் கழித்து வேறு யாருக்கோ போகும், ஓடிபியும் கூடவே போகும். வங்கிக்கு நேரில் போய் மாற்றுங்கள், மாதக் கடைசியில் வேண்டாம், வரிசை வாசல் வரை நிற்கும்.