எஃகும் இரும்பும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் 'தோய்ச்சல்' கொடுப்பதாகச் சொல்கிறார். ஐ.டி.ஐ.யில் படிக்கும் என் மகனோ ஹார்டனிங், டெம்பரிங் என இரண்டு வேலைகளைச் சொல்கிறான். எது சரி?
– வாசகி, காங்கேயம்

பதில்: இருவர் சொல்வதும் சரிதான், அம்மா. கொல்லர் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதைப் பாடநூல் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறது. உலையிலிருந்து செக்கச்செவேலென்று வரும் அரிவாளின் வாய்ப்பகுதியை மட்டும் தண்ணீரில் அமிழ்த்தும்போது, எஃகில் கலந்துள்ள கார்பன் பிரிந்து செல்ல நேரமின்றி இரும்பணுக்களுக்கிடையே சிக்கிக்கொள்வதால், வாய் மிகவும் கடினமாகிறது. இதுவே ஹார்டனிங். அத்துடன் விட்டுவிட்டால், காய்ந்த வேலங்கட்டையில் ஓங்கிப் போட்டதுமே வாய் கண்ணாடி போலச் சில்லுச்சில்லாகப் பெயர்ந்துவிடும். ஆகவே அவர் வாயைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு, தண்ணீர் படாத முதுகுப்பகுதியில் மிஞ்சியிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்குவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் வெளிர் வைக்கோல் நிறம் படரும். பிறகு பழுப்பு, ஊதா என மாறி, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் தோன்றும். வேண்டிய நிறம் வாய்க்கு வந்த நொடியில் மறுபடியும் தண்ணீரில் விடுவார். கடினத்தில் சற்றே குறைத்து உறுதியைக் கூட்டும் இந்த இரண்டாவது வேலையே டெம்பரிங். வெப்பமானி இல்லாமல் கண்ணாலேயே சூட்டை அளக்கும் அந்தத் தேர்ச்சியைத் தங்கள் மகன் பட்டறைக்கே சென்று ஒருமுறையாவது பார்த்துவர வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: கைதவறி விழுந்த பம்ப் செட் உறை இரண்டாக உடைந்துவிட்டது. கடப்பாரை எத்தனை முறை விழுந்தாலும் உடைவதில்லை. இரண்டும் இரும்புதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கடப்பாரை எஃகு, பம்ப் உறை வார்ப்பிரும்பு. இரண்டிலும் இரும்பே பெரும்பகுதி, வேறுபாடு கார்பனின் அளவில் இருக்கிறது. எஃகில் அது 2 சதவீதத்துக்கும் குறைவு. கட்டடக் கம்பி, தகடு போன்றவற்றுக்கான மென்மையான எஃகில் கால் சதவீதத்தைத் தாண்டுவது அரிது. வார்ப்பிரும்பிலோ பெரும்பாலும் 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்தக் கூடுதல் கார்பன் பென்சில் கரியைப் போன்ற மெல்லிய செதில்களாக உள்ளே பிரிந்து கிடப்பதால், அடி விழுந்ததும் விரிசல் அந்தச் செதில்களின் வழியே ஓடிவிடுகிறது. உடைந்த இடத்தைப் பாருங்கள், சாம்பல் நிறமாகச் சொரசொரவென்று இருக்கும். ஆனாலும் நம் ஊர் வார்ப்படச் சாலைகள் இதையே விரும்புவதற்குக் காரணம் உண்டு. தூய இரும்பு உருக 1,538 டிகிரி தேவைப்பட, இது 1,200 டிகிரியை ஒட்டியே உருகி, மணல் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் தண்ணீராக ஓடி நிரம்பிவிடும்; மோட்டாரின் அதிர்வையும் நன்றாகத் தாங்கும்.

கேள்வி: சேலம் உருக்காலையில் செய்யும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நாம் எவர்சில்வர் என்கிறோம். அதில் வெள்ளி உண்டா?
– வாசகர், ஓமலூர்

பதில்: துளியும் இல்லை. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு அது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலத்தை உண்டாக்குவதால் துருப்பிடிப்பதில்லை. பாத்திரம் கீறுபட்டாலும் அந்தப் படலம் தானாகவே மறுபடியும் படிந்துகொள்ளும்.