காற்றையும் கற்பனைக் கணக்கில் எழுதலாமா?

கேள்வி: கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்வெஸின் ‘த்ராமொந்தானா’ சிறுகதையில், ஒரு காற்று வீசும் ஊருக்குப் போகப் பயந்தே ஓர் இளைஞன் உயிரை விடுகிறான். காற்றுக்குப் பயந்து யாராவது சாவார்களா? நடக்க முடியாததை இயல்பாகச் சொல்லும் மாய யதார்த்தம் என்ற பெயரில் லத்தீன் அமெரிக்கர்கள் எதையும் எழுதலாம் என்பதற்கு இது இன்னொரு உதாரணம்தானே?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. கதை லத்தீன் அமெரிக்காவிலேயே நடக்கவில்லை. ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், பிரெஞ்சு எல்லையை அடுத்த கடாகேஸ் என்ற கடலோர ஊர்தான் களம். மார்க்வெஸ் 1967 முதல் 1975 வரை பார்சலோனாவில் குடியிருந்தவர். த்ராமொந்தானா என்ற அந்தக் காற்றை அவர் கற்பனை செய்யவில்லை. அது இன்றும் அங்கே வானிலை அறிக்கையில் வருகிறது.

பிரனீஸ் மலைத்தொடர் கிழக்கே கடலில் இறங்கி முடியும் இடம் அது. இத்தாலியின் ஜெனோவா வளைகுடாப் பக்கம் தாழ்வழுத்தம் உருவாகிவிட்டால், பிரான்ஸ் பக்கத்துக் குளிர்காற்று மலையின் கிழக்கு முனையைச் சுற்றிக்கொண்டு பாய்கிறது. இடுக்கில் வேகம் கூடி, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் வீச்சு அங்கே அபூர்வமல்ல. பெரும்பாலும் மழை இராது. வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருக்க, இரைச்சல் மட்டும் இரவும் பகலும் நாள்கணக்கில் ஓயாது. அந்த அம்புர்தா வட்டாரத்து வயல் ஓரங்களில் சைப்ரஸ் மரங்களை இடைவெளி விடாமல் வரிசையாக நட்டிருப்பார்கள். அழகுக்காக அல்ல, பயிரைக் காப்பாற்ற. ஒருவர் புத்தி பேதலித்து நடந்தால் ‘த்ராமொந்தானா தொட்ட ஆள்’ என்று சொல்வதும் அந்த ஊர்ப் பேச்சுதான்.

இப்போது கதையை இன்னொரு முறை படியுங்கள். காற்று அந்த இளைஞனைக் கொல்லவில்லை. அவன் கரீபியன் பையன். கடாகேஸுக்குத் திரும்பிப் போனால் செத்துவிடுவேன் என்று கெஞ்சுகிறான். அவனுடைய மூடநம்பிக்கையைத் தீர்த்துவைக்கிறோம் என்று ஸ்வீடன்காரக் கூட்டம் ஒன்று அவனை வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றுகிறது. ஓடும் வண்டியிலிருந்து அவன் பாதாளத்தில் குதிக்கிறான். ‘காற்றுக்குப் பயந்து யாராவது சாவார்களா?’ என்று நீங்கள் கேட்பதைத்தான் அவர்களும் கேட்டார்கள். கதையின் கூர்மை அங்கே இருக்கிறது.

அர்ஜென்டினாவுக்கு வாருங்கள். ஆண்டிஸின் கிழக்கடிவாரத்தில் சான் ஹுவான், மெந்தோசா பகுதிகளில் வீசுவது சோண்டா என்ற காற்று. பசிபிக்கின் ஈரக்காற்று சிலி பக்கம் மலையேறும்போது மழையாகவும் பனியாகவும் ஈரத்தை இழந்துவிட்டு, வறண்டு இந்தப் பக்கம் இறங்குகிறது. நம் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வறண்டு வருகிறதே, அதே கணக்கு. மேகம் கட்டியபின் ஏறும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்று சுமார் 6 டிகிரி குளிரும். ஈரமில்லாமல் இறங்கும்போது கிட்டத்தட்ட 10 டிகிரி சூடேறும். 3 கிலோமீட்டர் இப்படி ஏறி இறங்கினால் 12 டிகிரி கூடிவிடும். அதனால்தான் குளிர்காலத்தின் நடுவே திடீரென்று ஒரு பிற்பகல் அனலாகிறது. புழுதி கிளம்பும், புதர்கள் பற்றிக்கொள்ளும், தலைவலி வரும். பலத்த சோண்டா என்றால் பள்ளிகளை மூடிவிடுவார்கள். அது ஓய்ந்த கையோடு பெரும்பாலும் தெற்கிலிருந்து குளிர்காற்று வந்துவிடும்.

சான் ஹுவானில் பிறந்த எழுத்தாளர் சார்மியெந்தோ 1839-இல் தொடங்கிய வாரப் பத்திரிகைக்கு வைத்த பெயர் ‘எல் சோண்டா’. ஆறே இதழ்கள்தான், அரசின் நெருக்கடியில் நின்றுபோனது. மறு ஆண்டு சிலிக்கு நாடுகடத்தப்பட்டுப் போகிற வழியில், சோண்டா என்ற இடத்தின் நீராடுதுறையில், ‘கருத்துகளைக் கொல்ல முடியாது’ என்று பிரெஞ்சு மொழியில் கரியால் எழுதிவிட்டுப் போனார். 1845-இல் சிலியில் வெளிவந்த ‘ஃபகுந்தோ’ என்ற தன் நூலின் முன்பகுதியில் இதை அவரே சொல்கிறார். பின்னாளில் 1868 முதல் 1874 வரை நாட்டின் அதிபர். இந்தக் காற்றில் மாயம் எங்கே இருக்கிறது?

மீண்டும் ஸ்பெயினுக்கு வாருங்கள். ஸரகோசா வழியாக எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாயும் சியெர்சோ என்ற காற்றைப் பற்றி, பேசும்போது வாயை நிரப்பும், ஆயுதம் தரித்த ஆளையும் பாரம் ஏற்றிய வண்டியையும் கவிழ்க்கும் என்று கிறிஸ்துவுக்கு முன்பே ரோமானிய கேட்டோ எழுதிவைத்தார். அவரையும் மாய யதார்த்தவாதி என்போமா?

மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவின் ‘லுவினா’ (1953) சிறுகதை சற்றுச் சிக்கலானது, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே காற்று, நகம் வைத்துச் சுவரைப் பிராண்டுகிறது. எரிமலை மணலை வாரிக்கொண்டு வருவதால் அது கறுப்பு என்று ஊரார் காரணம் சொல்கிறார்களாம். சொல்பவனோ, உண்மையில் காற்றே கறுப்புத்தான் என்கிறான். ருல்ஃபோ இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். மண் அரித்து, பயிர் போய், ஆண்கள் வெளியேறி, கிழவர்களும் தனித்த பெண்களும் மிஞ்சிய ஊர் அது. அவர்கள் காதில் விழுகிற காற்றை வேறு எப்படி எழுதுவது?

இனி ஸ்பானியக் கதையில் பெயருள்ள காற்று ஒன்று வந்தால், வரைபடத்தை எடுத்து எந்தத் திசை, எந்த மாதம், மலைக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். பாதிக்கு மேல் விளங்கிவிடும். மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலின் முடிவில் மகோந்தோ என்ற ஊரையே துடைத்துக்கொண்டு போகிற காற்றுக்கு மட்டும் எந்த வரைபடமும் உதவாது. அதை மாய யதார்த்தம் என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டேன்.