மாட்டுக் கணக்கை வெட்டாதீங்க

அன்புள்ள சார்,

நான் மினசோட்டாவுல பதினோரு வருஷமா இருக்கேன். கணவர் குடும்பம் நார்வேல இருந்து வந்தவங்க. மாமியார் வீட்டு அட்டிக்ல ஒரு நீல மரப்பெட்டி கிடைச்சுது. உள்ள நார்வேஜியன் மொழியில பழைய கடிதங்கள், ஒரு கணக்கு நோட்டு, சர்ச் சர்டிபிகேட். குடும்பம் கூடுறப்போ புத்தகமா போடலாம்னு வேலையை என்கிட்ட குடுத்துட்டாங்க. தெரிஞ்ச ஒருத்தர் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துக் குடுத்தார். படிச்சா முக்காவாசி மழை, மாடு, கோதுமை விலை, யாருக்கு உடம்பு சரியில்லங்கறதுதான். அதையெல்லாம் வெட்டிட்டு, காலி நிலத்துல வந்து கஷ்டப்பட்டு முன்னேறின கதையை மட்டும் வைக்கலாமா? ஒரே ஆளுக்கு மூணு பேர் வருது, எதைப் போடுறது? பின்னால இதை நாவலா எழுத எனக்கு உரிமை உண்டா?

ஆர்., மினசோட்டா

அன்புள்ள ஆர்,

நாவலுக்கு யார்கிட்டயும் உரிமை கேக்காதீங்க, எழுதுங்க. பேர் விஷயம், மூணையும் போடுங்க. நார்வேல முதல்ல சொந்தப் பேர், அப்புறம் அப்பா பேர், அப்புறம் பண்ணை பேர். பண்ணை மாறினா கடைசிப் பேரும் மாறிடும், அது கிட்டத்தட்ட விலாசம் மாதிரி. 1923-ல சட்டம் வந்த பிறகுதான் அங்க நிலையான குடும்பப் பேர் கட்டாயமாச்சு. இனிஷியலோட வளர்ந்த உங்களுக்கு இதுல என்ன குழப்பம்?

ஆனா மாட்டை வெட்டணும்னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதும் எனக்குக் கோவம் வந்துடுச்சு. நிஜமாவே வந்துது.

க்ரோ ஸ்வென்சன்னு ஒரு பொண்ணு. 1841-ல பிறந்தவ, நார்வேல ஹாலிங்டால் பள்ளத்தாக்குக்காரி, 1862-ல கல்யாணம் ஆன கையோட புருஷன்கூட கிளம்பி ஐயோவா புல்வெளிக்கு வந்து சேர்ந்தா. அவ ஊருக்கு எழுதின கடிதங்கள் 1950-ல புத்தகமா வந்திருக்கு. அதுல ஒரு இடத்துல, இங்க ஊர்ல மாதிரி பாலை வைக்க முடியல, கோடைச் சூடு அப்படி, ஈயும் பூச்சியும் மொய்க்குது, சீஸ் பண்ண முடியாதுன்னு எழுதுறா. நீங்க எடிட் பண்ணியிருந்தா அந்த வரி போயிருக்கும் இல்லையா? அவ ஊர்ல கோடை வந்தா பொண்ணுங்க மாடுகளை மலைமேல ஓட்டிட்டுப் போயி, அங்கயே மாசக்கணக்குல தங்கி, கறந்து, குளிர்காலம் முழுக்க வீடு சாப்பிடுறதுக்கு வெண்ணெயும் சீஸும் பண்ணுவாங்க. அதுதான் அவங்க படிப்பு, தொழில், கௌரவம். அம்மாகிட்ட கத்துக்கிட்ட அந்த வித்தை இந்த வெயில்ல செல்லாதுன்னு அவ கண்டுபிடிக்கிற நிமிஷம் அது. அழுதேன்னு அவ எழுதல, பால் கெட்டுப்போச்சுன்னு எழுதினா. 1878-ல பிரசவத்துல செத்துப்போனா, நாற்பது கூட ஆகல. அந்தப் பாலைத் தூக்கிட்டா அவகிட்ட மிச்சம் என்ன இருக்கு சொல்லுங்க.

உங்க கடிதம் வந்த அன்னைக்குக் காலையில வேறொரு கடிதத்தைத் திரும்பப் படிச்சிட்டு இருந்தேன். குரி என்ட்ரெசன், நார்வேல ஹார்டாங்கர் பக்கத்துக்காரி, மினசோட்டாவுல காண்டியோஹை கவுன்ட்டியில பண்ணை. 1862 ஆகஸ்ட்ல அந்த மண்ணோட பூர்வகுடிகளான டகோட்டா மக்கள் சண்டைக்கு எழுந்தப்போ கண்ணு முன்னால புருஷனைச் சுட்டாங்க, மூத்த மகனும் செத்தான், இன்னொரு மகனுக்குத் தோள்ல குண்டு, ரெண்டு பொண்ணுங்களைப் பிடிச்சுட்டுப் போனாங்க, அவங்க எப்படியோ தப்பிச்சு வந்துட்டாங்க. இதை ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு அவ எழுதினது 1866 டிசம்பர்ல. நாலு வருஷம் ஆச்சு! காயம்பட்ட ஆளுங்களை மாட்டு வண்டியில ஏத்திக் காப்பாத்திக் கொண்டுபோன வீராங்கனைன்னு ஊரே சொல்லுது, 1907-ல அரசாங்கமே கல்லறையில நினைவுத்தூண் வெச்சுது. கடிதத்துல அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. கைக்குழந்தையோட ரெண்டு ராத்திரி ரெண்டு பகல் பைத்தியம் மாதிரி அலைஞ்சேன், அப்புறம் மகனையும் வேற சிலரையும் கண்டேன், அவங்க நாங்க தப்பிக்க உதவினாங்கன்னு எழுதுறா. தூண்ல இருக்கிறவ காப்பாத்துறா, கடிதத்துல இருக்கிறவளுக்கு மத்தவங்க உதவுறாங்க. எது சரின்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. குடும்ப வரலாறு எழுதுறவங்க எப்பவும் தூணைப் பார்த்துக் கடிதத்தைத் திருத்துவாங்க, நீங்களும் அதைத்தான் பண்ணப் போறீங்கன்னு பயமா இருக்கு.

அப்புறம் "காலி நிலம்". யார் சொன்னாங்க காலின்னு? 1851 ஒப்பந்தங்கள்ல டகோட்டாக்கள்கிட்ட இருந்து வாங்கின நிலம் அது. 1862-ல அவங்களுக்கு வரவேண்டிய பணம் தாமதமாச்சு, பசியில கிடந்தாங்க, அதே வருஷம்தான் குடியேறுறவங்களுக்கு 160 ஏக்கர் குடுக்கிற ஹோம்ஸ்டெட் சட்டம் வந்துது. டிசம்பர் 26-ம் தேதி உங்க மினசோட்டாவுல மன்கேட்டோங்கிற ஊர்ல 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில தூக்குல போட்டாங்க, அடுத்த வருஷம் மிச்சப் பேரை மாநிலத்தை விட்டே துரத்தினாங்க. குரியோட துக்கம் பொய்யில்ல, இதுவும் பொய்யில்ல. நீங்க அந்த மாநிலத்துல பதினோரு வருஷமா இருந்துட்டு எனக்குக் காலி நிலம்னு எழுதலாமா? அந்த வார்த்தை புத்தகத்துல வரக்கூடாது.

நான் ஏன் இவ்வளவு கத்துறேன்னா, இதே தப்பை நான் பண்ணியிருக்கேன். அப்பா இறந்த வருஷம், அவர் வேலை பார்த்த ஊர்கள்ல இருந்து அம்மாவுக்கு எழுதின கடிதங்களை, வாசல் கம்பியில குத்தித் தொங்கிட்டு இருந்ததை எல்லாம் எடுத்து டைப் பண்ணி நினைவு மலர்ல போட்டேன். எழுத்துப்பிழை திருத்தினேன், கடன் கணக்கை எடுத்தேன், அரிசி விலையை எடுத்தேன், நல்லெண்ணெய் தீர்ந்திருக்குமே என்ன பண்றேன்னு அவர் கேட்ட வரியையும் எடுத்தேன். மலர் வந்ததும் ஒரிஜினலைப் பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுட்டேன். அம்மா மலரைப் படிச்சிட்டு, நல்லா இருக்கு, ஆனா இது அவர் பேசுற மாதிரி இல்லையேன்னாங்க. முப்பது வருஷம் ஆச்சு. அந்த எண்ணெய் வரி மட்டும் எனக்கு மனப்பாடமா இருக்கு, மத்தது எதுவும் இல்ல.

ஒண்ணு சொல்லுங்க, மொழிபெயர்த்தவர் முழுசா பண்ணினாரா, இல்ல அவரே சுருக்கிட்டாரா? அந்தக் காலத்துக் கோதிக் கையெழுத்து இன்னைக்கு நார்வேக்காரங்களுக்கே படிக்கிறது கஷ்டம். அமெரிக்காவுல பேரப்பிள்ளைங்களுக்கு மொழியே போயிடுச்சு, தானா மட்டும் போகல. 1918 மே மாசம் பக்கத்து ஐயோவா கவர்னர் ஹார்டிங், பள்ளிக்கூடம், சர்ச், பொது இடம், போன்ல கூட இங்கிலீஷ் தவிர வேற மொழி பேசக்கூடாதுன்னு உத்தரவு போட்டார். பாட்டிங்க பிரசங்கம் புரியாம சர்ச்ல உக்காந்திருந்த காலம் அது. அப்புறம் பெட்டியைத் திறந்து படிக்க வீட்ல யார் இருப்பா?

இன்னொண்ணையும் யோசிங்க. அமெரிக்கப் பெட்டியில இருக்கிறது பெரும்பாலும் ஊர்ல இருந்து வந்த கடிதம்தான். இவங்க எழுதினது கடல் தாண்டிப் போயிருக்கும், நார்வேல ஏதோ பண்ணை வீட்ல கிடக்கும். அதனால உங்க கையில இருக்கிறது பாதிப் பேச்சு. உங்க மாநிலத்துலயே நார்த்ஃபீல்டுல செயின்ட் ஓலாஃப் காலேஜ்ல நார்வேஜியன் அமெரிக்க வரலாற்றுச் சங்கம் இருக்கு, 1925-ல ஆரம்பிச்சது, இந்த மாதிரிக் காகிதங்களைச் சேர்த்து வைக்கிறதுதான் அவங்க வேலை. புத்தகம் எப்படி வந்தாலும் சரி, ஒரிஜினலை யாரும் தூக்கிப் போட விடாதீங்க, மாமியார்கிட்ட இதை நான் சொன்னதாவே சொல்லுங்க.

அந்தக் கணக்கு நோட்டை எடுத்து மாட்டுக்குப் பேர் எழுதியிருக்கான்னு பாருங்க. நார்வேப் பண்ணைகள்ல பசுவுக்குப் பேர் வைக்கிற வழக்கம் உண்டு. இருந்துதுன்னா எந்தப் பேர், எத்தனை பசுன்னு எனக்கு உடனே எழுதுங்க, காத்துட்டு இருப்பேன்.