ஆய்வுக்கு நிதி: வாசகர் கேள்வி – பதில்

களக்காடு – முண்டந்துறை மலைத் தாவரங்களை ஆராய வேண்டும். வயது 36, கல்லூரியில் நிரந்தர உதவிப் பேராசிரியர். யாரிடம் நிதி கேட்கலாம்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் ‘பிரைம் மினிஸ்டர் ஏர்லி கரியர் ரிசர்ச் கிராண்ட்’ உங்களுக்குப் பொருந்தும். பழைய செர்ப் (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) இப்போது இந்த அறக்கட்டளைக்குள்தான் இருக்கிறது. வயது வரம்பு 42. மூன்றாண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். கல்லூரிக்கான ஓவர்ஹெட், அதாவது நிர்வாகச் செலவுத் தொகை, தனி. அழைப்பு வந்தபின் எழுத உட்கார்ந்தால் நேரம் போதாது. வரைவும் முதல்வரின் ஒப்புதல் கடிதமும் முன்பே தயாராக இருக்கட்டும்.

60 வரை தருகிறார்கள் என்பதற்காக 60 கேட்காதீர்கள். கணக்கை ஆளிலிருந்து தொடங்குங்கள். ஒரு ஜே.ஆர்.எஃப்.புக்கு (இளநிலை ஆய்வாளர்) முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, மூன்றாம் ஆண்டு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆனதும் 42,000. ஆக 13,92,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். பலர் அந்தப் படியை மறந்துவிட்டு, கடைசி ஆண்டில் சம்பளத்துக்குத் திண்டாடுவார்கள். கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. சேர்த்த கொட்டேஷன் வாங்குங்கள். அனுமதியான தொகையைப் பிறகு கூட்ட முடியாது. ரசாயனத்துக்கு ஒதுக்கியதைக் கருவிக்குத் திருப்பவும் அனுமதி வேண்டும். நீங்கள் கேட்கும் கருவி அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே இருந்தால், மதிப்பீட்டாளர் கட்டாயம் ‘ஏன் இன்னொன்று?’ என்பார். அங்கேயே சோதிக்க, ஒரு மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் போட்டுக் கேட்பதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று. புலிகள் காப்பகத்துக்குள் செடி சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டும். நிதி தருபவர்கள் அதை வாங்கித் தர மாட்டார்கள். முன்மொழிவு அனுப்பும்போதே அதற்கும் மனுப் போடுங்கள். இல்லாவிட்டால் ஆளை நியமித்த பிறகு சம்பளம் மட்டும் ஓடும், காட்டுக்குள் போக வழியிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைப் பருவம் தவறினால் அந்தச் செடிகளுக்கு அடுத்த ஆண்டுதான்.

நாங்குநேரி வட்டாரக் குளத்துப் பாசனம் பற்றிய சமூகவியல் ஆய்வுக்கு?
– வாசகர், வள்ளியூர்

இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம், அதாவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். மேஜர், மைனர் என இரு வகைத் திட்டங்கள் உண்டு. ஒரு வட்டாரத்துக் குளங்கள் என்றால் மைனரே போதும். நீங்கள் சுயநிதிப் பிரிவு ஆசிரியர் என்றால் தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள். முதுகலை மாணவருக்கு அறிவியல் தலைப்பாக இருந்தால், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டம் இருக்கிறது, தொகை சிறியது.

திட்டம் நடக்கிறது, ஆனால் இரண்டாம் தவணை வரவில்லையே?
– வாசகர், பாளையங்கோட்டை

பெரும்பாலும் பயன்பாட்டுச் சான்றிதழ்தான், அதாவது வந்த பணத்தை எப்படிச் செலவிட்டீர்கள் என்ற சான்று, காரணம். மார்ச் 31 வரையிலான கணக்கை ஜி.எஃப்.ஆர். (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில், செலவு அறிக்கையோடு அனுப்ப வேண்டும். ஆர்டர் கொடுத்தும் பணம் செலுத்தாத கருவியைச் செலவாகக் காட்டினால் திருப்பி அனுப்புவார்கள்; அதைத் தனியே எழுதுங்கள். திட்டப் பணத்துக்கு வங்கியில் வட்டி விழுந்திருந்தால், பாரத்கோஷ் என்ற அரசு இணையதளம் வழியே அரசுக்குக் கட்டி ரசீதையும் இணையுங்கள்.